மூன்று அம்பு ஒட்டிய பாட்டுப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் அம்மாவும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பழைய படங்களாகப் போடுகிற ஒரு ஆப்பை அண்ணன் மகன் டிவியில் ஏற்றிக் கொடுத்திருந்தான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. மைக் முன்னால் நிற்கிற ஒரு பாட்டுக்காரி, அவள் பின்னால் தொப்பி போட்ட ஒரு ஆள். ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் படத்தை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதுவும் ஓடுகிற பஸ்ஸில், நாலைந்து தவணையாக.

படம் தொடங்கும்போது திரையின் மூலையில் பொடி எழுத்தில் 'யு/ஏ 13+' என்று வந்தது. பக்கத்திலேயே 'வன்முறை, புகையிலை, அச்சமூட்டும் காட்சி' என்று இருந்தது. அது மறைந்ததும் அந்தக் காலத்துச் சான்றிதழ், ஓரம் கிழிந்த காகிதம், நடுங்கிக்கொண்டே வந்தது. அதில் வெறும் 'யு'தான். குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கலாம் என்று அந்தக் காலத்து ஆபீசர்கள் சொல்லியிருக்கிறார்கள். பதிமூன்று வயதாவது ஆகட்டும் என்று இந்தக் காலத்து ஆபீசர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேருமே சொல்லாத ஒன்றை ஒருத்தர் எனக்குச் சொன்னார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. அவர் ஒருத்தர் கதையை இன்னொருத்தரிடம் சொன்னதே இல்லை. அப்படிப்பட்டவரின் பெயரை நான் மட்டும் ஊரெல்லாம் போடுவது நன்றாக இருக்காது. கம்பெனியில் எல்லாரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அதுவே போதும்.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் எனக்கு வேலை. லைனின் கடைசியில் ஒரு மேஜை, மேஜைக்கு மேலே ஒரு டியூப் லைட், அதன் கீழே அக்கா. நாங்கள் தைத்து அனுப்புகிற ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, கட்டை விரலால் தையல் மேல் தடவிக்கொண்டே போவார். எங்கேயாவது தையல் விட்டிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, அந்த இடத்தைப் பார்த்து ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். திட்ட மாட்டார். அம்பு மட்டும்தான் திரும்பி வரும். சாயங்காலத்துக்குள் அந்த அம்புகள் அவர் முந்தானையிலும், தையல் நூலால் கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவர் டிபன் பாக்ஸ் மூடியில்கூட ஒன்று இருந்தது. "இன்னாக்கா, கொழம்புலயும் குறையா?" என்றேன். "உப்பு கம்மி" என்றார், சிரிக்காமல்.

இனி பஸ். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. திமிரியில் காலையில் கிளம்பும் கம்பெனி பஸ் வழியெல்லாம் நின்று நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆற்காடு வந்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, கம்பெனி கேட்டுக்குள் நுழைய முக்கால் மணி நேரம் ஆகும். டிரைவர் தலைக்கு மேலே ஒரு சின்ன டிவி இருந்தது. ஒரு படம் நாலைந்து நடைக்கு ஓடும். கேட் வந்துவிட்டால் படம் எந்த இடத்தில் இருந்தாலும் நின்றுவிடும். வில்லன் கத்தியை ஓங்கியிருந்தால் ஓங்கினபடியே நிற்பான். நாங்கள் இறங்கிப்போய் எட்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏறினால்தான் அந்தக் கை கீழே இறங்கும்.

அக்காவுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. "கழுத்துல கத்திய வச்சிட்டு கேட்டுக்குள்ள போனா, பகல் பூரா அந்தக் கத்தி மெஷின் மேலயே கெடக்கும்" என்பார். அதனால் படத்தை எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்வார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, அடுத்த வாரத்துக்கான படத்தை வீட்டில் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவார். பொல்லாத காட்சி வந்தால் அதற்குப் பின்னால் ஒரு காமெடியோ ஒரு பாட்டோ ஓடி முடிந்த பிறகுதான் கேட் வர வேண்டும். அப்படி வரும்படி எந்த ஊரில் ஆரம்பித்து எந்த ஊரில் நிறுத்துவது என்று டிரைவருக்குச் சொல்லி வைப்பார். நிமிஷமெல்லாம் பார்ப்பதில்லை. திமிரியில் ஆரம்பி, ஆற்காடு தாண்டினதும் நிறுத்து, இவ்வளவுதான்.

இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் சேர்வதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்வார்கள். பாலாற்று மணல் பள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெண் இந்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஒரு நாள் சிரிப்புப் படம் என்று போட்ட படத்தில், எதிர்பார்க்காமல், ஒரு பிள்ளை தண்ணீரில் மிதக்கிற காட்சி வந்திருக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாராம். அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தவர் அக்கா. அடுத்த வாரத்திலிருந்து அவர் பார்க்காத படம் அந்த பஸ்ஸில் ஓடியதில்லை.

திங்கட்கிழமை படம் போடுவதற்கு முன் எழுந்து நின்று அறிவிப்பு கொடுப்பார். எப்போதும் ஒரே குரல்.

"கேட்டுக்கோங்க. மொத பாட்டு நல்லா கீது. ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் பாம்பு வரும், கடிக்காது. ஆஸ்பத்திரி ஒரு தபா வருது, ஊசி போடறத காட்டுறான். மாமியார்காரி ஒரு அறை குடுப்பா. நாய் ஒண்ணு செத்துப்போவுது. கடைசில ஹீரோ பொழச்சிக்கிறான்."

"யக்கா! கடைசியையும் சொல்லிட்டியே, அப்பறம் இன்னாத்துக்கு பாக்கறது?" என்று பின் சீட்டிலிருந்து கத்துவார்கள்.

"உனக்கு சஸ்பென்ஸ் வேணுமா? வூட்டுக்குப் போய் உன் மாமியா இன்னா கொழம்பு வச்சிருப்பான்னு யோசி" என்பார்.

டிஸ்க் கவர் மேல் அவருடைய அம்பு ஸ்டிக்கர் இருக்கும். ஒரு அம்பு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி ஏதோ ஒன்று. இரண்டு என்றால் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்று என்றால் ஆளைப் பார்த்து நேரில் சொல்ல வேண்டும். ஒரு சாமி படத்துக்கு மூன்று அம்பு ஒட்டினார். துப்பாக்கிக் கும்பல் படம் ஒன்றுக்கு ஒன்றுகூட ஒட்டவில்லை. டிரைவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"சாமி படத்துக்கு மூணு, சுடற படத்துக்கு ஒண்ணும் இல்லியா? சென்சாரு ஆபீசரே 'யு' குடுத்துக்கிறாரும்மா."

"ஆபீசருக்கு வயசு தெரியும்ப்பா. உன் பஸ்ஸுல எட்டாவது சீட்ல யாரு குந்திக்கினு வர்றான்னு அவருக்குத் தெரியுமா?"

டிரைவர் வண்டியை எடுத்தார். எட்டாவது சீட்டில் யார் என்று நாங்கள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அக்கா சும்மா ஒரு நம்பர் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

இவர் இப்படி எல்லாரையும் கவனிப்பது எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். "எங்க வூட்டு விஷயத்த மோந்து பாத்துக்கினு கீறியா?" என்று ஒருத்தி பஸ்ஸிலேயே சண்டை போட்டாள். அக்கா அந்த வாரப் பட்டியலை வழக்கம்போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கும் ஆரம்பத்தில் அவரைக் கண்டால் ஆகாது. இன்ஜின் மூடி மேல், டிவிக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடிதான் உட்காருவார். படத்தை அவர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. அதனால் முக்கால் மணி நேரமும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். மறைக்க ஏதாவது வைத்திருக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் மறைக்க இருந்தது.

காட்பாடிப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பதினாலு மாதம் இருந்துவிட்டு ஒரு பையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். என்னைக் கட்டினவருக்குப் பாட்டு என்றால் உயிர் என்று அந்தத் தெருவே சொல்லும். அவர் என்ன அவர், இப்போது அவன் என்றே எழுதுகிறேன். சாயங்காலமானால் கதவைச் சாத்துவான். ரேடியோவைப் பெரிதாக வைப்பான். அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்புவான். வெளியே தெரிகிற இடத்தில் அடிக்க மாட்டான். கழுத்தில் கை வைத்தால்கூட மறுநாள் தடம் தெரியாத அளவுக்கு அழுத்தத் தெரியும். தெருவில் போகிறவர்கள் நல்ல பாட்டு என்று நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள்? குடிக்காத ஆள், சீட்டாடாத ஆள். அம்மாவே தினம் கேட்டுக்கொண்டிருந்தார், "அந்தப் புள்ள மேல இன்னாதான்டி குறை?" என்று. அவன் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச வருவதாக ஆள் சொல்லி அனுப்பினார்கள். அம்மா சரி என்று சொல்லிவிட்டார். புதுப்புடவை எடுத்து வைத்துவிட்டார். அந்த ஞாயிறு வந்தால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள், பஸ்ஸில் ஏதோ பாட்டு வந்ததும் டிரைவர் குஷியில் சத்தத்தைக் கூட்டினார். என் கை என்னைக் கேட்காமல் கழுத்துக்குப் போய்விட்டது. தலை குனிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஏறும்போது பார்த்தால், டிவிக்குப் பக்கத்தில் சத்தம் வைக்கிற குமிழின் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இது இன்னாக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

"இதுக்கு மேல போவாத. எனக்குத் தலவலி வருது" என்றார் அக்கா.

அடுத்த திங்கட்கிழமைதான் அந்தப் பழைய பாட்டுப் படம். டிஸ்க் கவரில் மூன்று அம்பு. எல்லாருக்கும் சிரிப்பு. "யக்கா, எங்கம்மா வயசுக்கு வந்தப்ப வந்த படம். இதுக்குப் போய் மூணா?" என்றாள் ஒருத்தி.

"பழைய படம்னா பாவம்னு நெனச்சிக்காத. ரத்தமே காட்டாம பண்ணுவானுங்க" என்றார் அக்கா.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிக்கிற நேரத்தில் அவர் மேஜையை விட்டு எழுந்து எங்கள் லைனுக்குள் வந்தார். ஒவ்வொரு மெஷினாக நின்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் நாலு பேர். என்னிடம் வந்ததும் என் கையிலிருந்த ஷூ மேல்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

"பாட்டெல்லாம் தேனும்மா. ஒரு எடம் மட்டும் சொல்லிட்றேன். பாட்டுக்காரி வூட்டுக்கு ஒருத்தன் வருவான். சிரிச்சிக்கினே ரேடியோவ பெருசா வைப்பான். அப்பறம் கழுத்துல கை வைப்பான். சாவமாட்டா. அத மொதல்ல சொல்லிட்றேன், சாவமாட்டா. பாட்டு முழுசா ஓடும், ரெண்டு சரணம். ரெண்டாவது சரணம் முடியறப்ப பக்கத்து வூட்டுப் பொம்பள வந்து சத்தம் ஜாஸ்தியா கீதுன்னு கதவ தட்டுவா. அவன் ஜன்னல் வழியா ஓடிப்பூடுவான். அவ்ளோதான். புதன்கெழம காலைல வரும். அன்னிக்கி வேணும்னா என் பக்கத்துல வந்து குந்திக்கோ, டிவி பின்னால போய்டும். பாக்கறதுன்னா பாரு. உன் இஷ்டம்."

"எனக்கு ஏன்க்கா சொல்றீங்க?" என்றேன்.

"எல்லார்க்கும்தான் சொல்றேன்" என்று அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

பிறகு நான் மற்றவர்களைக் கேட்டேன். ஒருத்தியிடம் காமெடி நல்லாருக்கு தூங்கிடாதே என்றிருக்கிறார். ஒருத்தியிடம் அதில் வருகிற புடவைக் கரை உன் புடவை மாதிரியே என்றிருக்கிறார். யாருக்காக வந்தார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக நாலு பேரிடம் வெட்டிப்பேச்சு பேசிவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமைப் பட்டியலும் அப்படித்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாம்பு, ஊசி, அறை, நாய் என்று நீட்டி முழக்குவதில் ஒன்றே ஒன்றுதான் யாரோ ஒருத்திக்கு. மீதியெல்லாம் அந்த ஒன்றை மூடுகிற துணி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் பஸ்ஸில் வரவில்லை. ஷிப்மென்ட் அவசரம் என்று செக்கிங் ஆட்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். டிரைவரிடம் வந்து, "ஆற்காடு தாண்டுனதும் நிறுத்திடு, மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் கணக்கெல்லாம் ஊர்க் கணக்கு என்று சொன்னேனே. அன்றைக்கு அது காலை வாரிவிட்டது. பாலாற்றுப் பாலத்தின் நடுவில், உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நாற்றம் தாங்காமல் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டோம். டிரைவர் சொன்ன சொல் தவறாதவர். ஆற்காடு இன்னும் தாண்டவில்லையே? படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தொப்பி போட்ட ஆள் பாட்டுக்காரி வீட்டுக்குள் வந்தான். சிரித்தான். ரேடியோப் பக்கம் போனான். இதுதான் அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை காலை வர வேண்டியது செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வந்து நிற்கிறது, இன்ஜின் மூடி மேல் அக்கா இல்லை, இறங்கி ஓட வழியில்லை. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சாவமாட்டா, சாவமாட்டா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். முதல் சரணம் போனது. இரண்டாவது ஆரம்பித்தது. இது முடியும் என்று எனக்குத் தெரியும். எங்கே முடியும் என்றும் தெரியும். பதினாலு மாதமும் எனக்குத் தெரியாமல் இருந்தது அதுதான்.

சொன்னபடி கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். நான் கண்ணை மூடவில்லை, முழுதாகப் பார்த்தேன். அடுத்த காட்சியில் அந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தது. என் வீட்டில் நடந்ததைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றுதான் அதுவரைக்கும் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். படத்தில் அதற்குப் போலீஸ் வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை காலை என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துப்போனது. "ஓடிச்சாமே. என் தப்பும்மா. பாலத்த நான் நெனைக்கல" என்றார்.

"பரவால்லக்கா. நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் வந்துவிட்டது. "ஆனா நெஜத்துல யாரும் கதவ தட்ட மாட்டாங்கக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. எந்த வீடு, எந்த ஆள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மேஜையில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அக்கா தலைவலி என்று பர்மிஷன் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். காய்ச்சலோடுகூட வேலைக்கு வருகிற ஆள் அவர். எனக்கு அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கிற நிலைமை இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

அவர்கள் வந்தார்கள், காரில், பழத்தட்டோடு. நான் உள்ளே புதுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வாசலிலேயே நின்று, "எம்பொண்ணு வர மாட்டா" என்றார். காரணம் கேட்டார்கள். "வர மாட்டா, கெளம்புங்க" என்றார். தட்டைக்கூட வாங்கவில்லை. உள்ளே வந்து, என் மடியிலிருந்த புடவையை எடுத்து பீரோவில் வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டார். அம்மா ஏன் மனசு மாறினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப மாறிவிடுமோ என்ற பயம். நான் இரண்டு நாளாகச் சாப்பிடாததைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினபோது அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "டீ குடிச்சியா?" என்று கேட்டார். குடித்தேன் என்றேன். எழுந்து நின்று அந்த வாரத்துப் பட்டியலை ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் போல ஒரே லைனில் இருந்தோம். ஒரு நாள் கேட்டேன், "எல்லார்க்கும் நீங்க முன்னாடியே சொல்றீங்க. உங்களுக்கு யாருக்கா சொல்றது?"

"எனக்கு இன்னா? ரிமோட்டு என் கைல கீதே" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ராணிப்பேட்டை வரைக்கும் நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் முன்னால் அவர் பார்த்தார். அவருக்கு முன்னால் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. பிள்ளை மிதக்கிற காட்சியோ, ஆஸ்பத்திரியோ, கழுத்தில் கையோ, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து முழுதாக வாங்கிக்கொண்டார். அவருக்கும் ஏதாவது ஒரு காட்சி இருந்திருக்கும். அது எது என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததில்லை.

பிறகு கம்பெனி ஆம்பூரில் ஒரு யூனிட் திறந்தபோது அவரை அங்கே மாற்றினார்கள். கொஞ்ச நாள் போனில் பேசினோம். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவில்லை. வாலாஜாபேட்டையில் தம்பி வீட்டோடு இருக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள், இல்லை என்று இன்னொருத்தி சொன்னாள். தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. எனக்கும் லைன் சூப்பர்வைசர் வேலை, வீடு, அம்மாவின் மூட்டுவலி என்று ஓடிவிட்டது. பஸ்ஸில் இப்போது டிவி இல்லை. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இதெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படம் ஓட ஓட ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பாட்டுகள் நிஜமாகவே தேன். அம்மா காலை நீட்டிக்கொண்டு பாதி தூக்கத்தில் இருந்தார். தொப்பி போட்ட ஆள் பாட்டுக்காரி வீட்டுக்குள் வந்தான். நான் ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பாப்பா, இப்ப அவன் ரேடியோவ பெருசா வைப்பான். சத்தத்த கம்மி பண்ணிக்கோ."

சொன்னது அம்மா. கண் திறந்திருந்தது.

எனக்குப் புரியவே இல்லை. "இந்தப் படம் நீ எங்கம்மா பாத்த?"

"எங்க பாத்தேன்? கேட்டேன்."

"யார்ட்ட?"

"உங்க கம்பெனிப் பொம்பள. கண்ணாடிய நூல்ல கட்டிக்கினு, அதான். அவங்க பேச வர்றதுக்கு மொத நாளு, சனிக்கெழம மத்தியானம் வந்துச்சி. தண்ணி வாங்கிக் குடிச்சிது. பஸ்ஸுல ஒரு படம் ஓடுதும்மான்னு குந்தி முழுக் கதையும் சொல்லிச்சி. உன்னப்பத்தி ஒரு வார்த்த பேசல."

"கத சொன்னதுக்கா என்ன அனுப்பல நீ?"

அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க காட்பாடி வூட்டுக்கு நான் எப்ப போன் பண்ணாலும் பின்னால பாட்டு கேக்கும். சத்தமா கேக்கும். பொண்ணு சந்தோஷமா கீறான்னு நெனச்சிக்கினு வச்சிடுவேன்."

"அத எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?"

திரையில் அவன் சிரித்துக்கொண்டே ரேடியோவின் குமிழைத் திருப்பினான். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. அம்மாவின் கை என் முழங்கால் மேல் வந்து உட்கார்ந்தது. முதல் சரணம் போனது. இரண்டாவது சரணமும் போனது. நான் அழுதுகொண்டிருந்தேன், அது பயத்தில் இல்லை. எங்கே இருக்கிறாரோ, அக்காவின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டேனே என்றுதான்.

படத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

"இப்டிதான் தட்டுச்சி" என்றார் அம்மா. "நம்ம கதவு தொறந்துதான் கெடந்துச்சி. இருந்தும் தட்டுச்சி."